வெள்ளைப் பாவாடையில் ஒரு பொட்டு மஞ்சள்

தம்பி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. மார்க்ஸ் டோர்மோயில் மெத்ரோ ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கக்கூடிய சமாசாரம் அல்ல இது. ஓர் அரசன், ரஷ்யாக்காரர், ஒரு தீ, ஒரு சோடிச் செருப்பு எல்லாம் அடங்கிய பெருங்காவியம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை நீ இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாய். முன்பெல்லாம் அதற்காக உன்னைக் கேலி செய்வேன். இன்று அது எனக்கு வசதி. மெதுவாக வாசிப்பவனுக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும் என்று நம்புகிறேன்.

வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்காகச் சங்கத்தின் ஆண்டு மலரில் ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். வீட்டில் தருவதற்காக மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றையும் தையல் மெஷின் இழுப்பறையில் பட்டன்களுக்குக் கீழே ஒளித்துவைத்தேன். ரூ காய் தெருவில் ஒரு சாரிக்கடையின் பின்பக்கத்தில் இருபத்தைந்து வருடமாக பிளவுஸ் தைக்கிற சக்கரவர்த்தி நான். என் மெஷின் சத்தத்தைக் கேட்டுத்தான் கார் து நோரில் ரயில்கள் நேரம் சரிபார்க்கின்றன. அளவு கொடுக்கக் கூச்சப்படுகிற பெண்ணிடம், "பிள்ளை, தேவலோகத்திலை இருந்து நேரே வந்தனியோ, இல்லாட்டி லா சப்பலிலை ரயில் மாறி வந்தனியோ" என்று கேட்டுச் சிரிக்கவைப்பவன். இந்தத் தெரு முழுவதற்கும் நான் மாமா. உனக்கு ஒருவனுக்குத்தான் அப்பா. மாமாவுக்கு வருகிற வாய் அப்பாவுக்கு வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் உன்னைப் பற்றிய பேச்சு இந்தத் தெருவில்தான் பரவியது. அதைத் திருத்துவதும் இந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

போன மாதம் அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே செய்தி சொன்னாள். தூலூஸில் ஓர் அரங்கின் தையல்கூடத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாலே ஆடுகிற பெண்களின் வெள்ளை டூட்டூப் பாவாடை தைக்கிற மேசைக்கு நீயே பொறுப்பு. நீயோ அது வேண்டாம், ஆண்களின் கறுப்புக் கோட்டு தைக்கிற மேசையில் ஓரமாக ஓர் இடம் போதும் என்று பதில் எழுதப் போகிறாயாம். "வெள்ளைத்துணி தொடமாட்டானாம். தன்ரை கையிலை தனக்கு நம்பிக்கை இல்லையாம்," என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஏன் முழுசுறியள்?" வெங்காயம் என்றேன். நீ பதில் எழுதக் கடைசி நாள் திங்கட்கிழமை. மலர் வெளிவருவது சனிக்கிழமை. நடுவில் இருக்கிற ஒரேயொரு ஞாயிற்றை நம்பித்தான் எழுதுகிறேன். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து இரண்டு பிளவுஸுக்கு இடக்கையை வலப்பக்கம் பூட்டிவிட்டேன். சக்கரவர்த்தியின் வரலாற்றில் இப்படி நடந்ததே கிடையாது.

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஓர் அரசன்.

நீ தையல் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய பாடத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுவாய், பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். நான் அதை மறுநாள் கடையில் பத்து மடங்காக்கிச் சொல்வேன். நீ சொன்னது: முன்னொரு காலத்தில் பிரெஞ்சு அரசன் ஒருவன் விடலை வயதில் சூரியனாக வேடம் கட்டி அரண்மனையில் ஆடினான். நான் சொன்னது: அவன் உடுப்பிலிருந்த பொன்னின் பாரத்தில் மேடை இரண்டு முழம் கீழே இறங்கியது, பாரிஸ் சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவிக் களைத்தன. ஆனால் நீ சொன்னதில் ஒன்று எனக்குக் கலப்படம் இல்லாமலே பிடித்தது. அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கென்று தனி உடுப்பு பெரிதாகக் கிடையாது. அரண்மனையில் நடமாடுகிற அதே குதிச்செருப்பு, அதே கனத்த பட்டு, அதே பொய்முடி. முகமூடியும் கொஞ்சம் கூடுதல் மினுக்கமும் மட்டும்தான் மேலதிகம். பிறகு ஒரு ஆடற்காரி, தன் பாதம் செய்கிற வேலை சபைக்குத் தெரிய வேண்டுமென்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே வெட்டினாள், குதியையும் கழற்றினாள். ஊர் துள்ளிக் குதித்தது. வெறும் கணுக்காலுக்கு. ஊர் உடுப்பிலிருந்து பிரிந்துபோன அந்த உடுப்பைப் பிடிக்கத்தான் ஊர் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீ கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னாய்.

அதன் பிறகு வெள்ளை வந்தது. மணியைக் கவிழ்த்த மாதிரி, கெண்டைக்கால் வரை, மூச்சு விட்டால் பறக்கிற மெல்லிய துணி. மேடையின் வாயு விளக்கில் அது நிலவைப் போல் தெரிந்ததாம். பாரிஸ் சீமாட்டிகள் வீட்டுக்குப் போய் அதே மெல்லிய வெள்ளையைத் தங்களுக்கும் தைக்கச் சொன்னார்கள், தலையில் அதே பூவளையம் வைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து ஆடும் பெண்கள் சிலர் கப்பலில் பாரிஸுக்கு வந்து, தங்கள் சேலையோடும் சலங்கையோடும் ஆடினார்கள் என்று நீ சொன்னபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர்களை நேரில் பார்த்த பிறகும், பாரிஸ் மேடை இந்தியக் கோயில் பெண்ணுக்கு வலைப்பாவாடையைத்தான் தொடர்ந்து மாட்டியது. "ஒருத்தரும் எங்கடை தையல்காரரைக் கேக்கேல்லை, அதுதான் பிழை," என்றேன். நீ சிரித்தாய். அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது.

இனிமேல் வருவதை நான் பத்து மடங்காக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது நவம்பர். உனக்கு முதல் வேலை, ஒரு வருட ஒப்பந்தம், பெயர் சொல்ல வேண்டாத ஒரு தையல்கூடத்தில். ரஷ்ய ஆட்டக்குழு ஒன்று பாரிஸுக்கு வந்து சரியாக நூறு வருடம் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த அன்றைய பாரிஸுக்கு அவர்கள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கொட்டினார்கள், பெண்கள் இடுப்பை இறுக்கிய கச்சைகளைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகையும் தொளதொளக் காற்சட்டையுமாகத் தெருவில் இறங்கினார்கள் என்று நீதான் சொன்னாய். உங்கள் கூடத்துக்கும் அந்த வருடம் வேலை குவிந்தது. உன் மேற்பார்வை மதாம் முதன்முறையாக ஒரு டூட்டூவை முழுக்க உன் பொறுப்பில் விட்டாள். பன்னிரண்டு அடுக்கு வலைத்துணி, கீழே போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கட்டை, நடுவில் ஒரு கம்பி வளையம், அடுக்குகளைப் பிடித்து நிறுத்த வெளியே தெரியாத நூல்கள். அடுத்த நாளே உடுத்திப் பார்க்க வேண்டும், கைவேலை மிச்சம் இருந்தது. விதியை மீறி வீட்டுக்குக் கொண்டுபோக மதாம் விட்டாள். நீ அதைத் தட்டையான பெரிய உறையில் போட்டுத் தலைக்கு மேலே பிடித்தபடி பன்னிரண்டாம் நம்பர் மெத்ரோவில் வந்தாய். சனம் உனக்கு வழி விட்டதாம். மார்க்ஸ் டோர்மோய் வரலாற்றில் சனம் யாருக்காவது வழி விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதை எங்கள் கட்டிலில் விரித்துவைத்துத் தைத்துக்கொண்டே தீயின் கதையைச் சொன்னாய். அந்த மெல்லிய வெள்ளைப் பாவாடைகள் விளக்கில் பற்றிக்கொள்ளுமாம். பற்றாமலிருக்க மருந்தில் தோய்த்த துணி இருந்தது, ஆனால் அது விறைத்து, மங்கி, அழுக்காகத் தெரிந்ததால் இளம் ஆடற்காரி ஒருத்தி வேண்டாமென்றாள். ஒத்திகையில் விளக்குக்குக் கிட்டப் போனாள். எரிந்த உடம்போடு பல மாதம் கிடந்து இறந்தாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நீ ஒரு பாடத்தைத்தான் சொன்னாய். நானோ அன்றிரவு முழுக்க அந்தக் கட்டிலைப் பார்த்தபடியே இருந்தேன். இப்போது மேடையில் மின்விளக்குத்தான் என்று என் தலைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. யாரோ பெற்ற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு விளக்கின் கீழ் நிற்கப் போகிறாள், தைத்தவன் என் பிள்ளை, ஏதும் நடந்தால் யாரைக் கேட்பார்கள்?

காலையில் நீ குளிக்கப் போனாய். நான் சாமிப்படத்துக்கு முன்னால் நின்றேன். நம் வீட்டில் புதுத்துணி எதுவும் மஞ்சள் வைக்காமல் வாசல் தாண்டியதில்லை, உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துச் சட்டைகளின் காலர் மடிப்புக்குள் எல்லாம் நான் வைத்த பொட்டு இருந்தது. மஞ்சளைக் குழைத்து, மோதிரவிரலால், மேல் அடுக்கின் உள்பக்கத்தில் இடுப்புக்குக் கிட்ட மிளகளவு ஒரு பொட்டு வைத்தேன். ஒருவருக்கும் தெரியாத இடம் என்று நினைத்தேன். வருடக்கணக்காகத் துணியோடு புழங்குகிறவன் நான். வியர்வை என்று ஒன்று உண்டு என்பதை மறந்துபோனேன்.

மிச்சம் நீ எனக்குச் சொன்னது. உடுத்திப் பார்க்கிற அன்று ஆடற்காரி அதோடு இரண்டு மணித்தியாலம் ஆடினாள். இடுப்பு ஈரத்தில் பொட்டு ஊறி அடுக்கடுக்காக இறங்கியது. யாரோ ஓடிவந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மஞ்சள் சிவந்தது. வெள்ளைப் பாவாடையில் இரத்தம் மாதிரி. பெண்கள் பதறினார்கள், அவளுடைய பாவாடையைக் கழற்றிப் பார்த்தார்கள், காயம் எதுவும் இல்லை. நீ மட்டும் நிறத்தை அடையாளம் கண்டு, இது மஞ்சள் என்றாய். மதாம் கத்தவில்லையாம். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாளாம். சோறும் கறியும் என்றாய். கையாலா என்றாள். ஆம் என்றாய். அவ்வளவுதான். மேல் அடுக்குகளைப் பிரித்து மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. ரஷ்யாக்காரர் ஒரு கப்பல் மஞ்சளைக் கொண்டுவந்தபோது பாரிஸ் எழுந்து நின்று கைதட்டியது. உன் அப்பா கொண்டுவந்தது ஒரு மிளகளவு.

இப்படி ஒரு பகிடியை எழுதித்தான் அடுத்ததற்குப் போகத் தைரியம் வருகிறது. அன்று பின்னேரம் நீ வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாய். வலக்கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாய். பிறகு என்னைக் கேட்டாய்: "அப்பா, நான் நேற்றுச் சாப்பிட்டிட்டுக் கை கழுவினனான்தானே?"

நீ கழுவினாய். நான் பார்த்தேன். நகத்துக்குள் தூரிகை போட்டுத் தேய்த்தாய், தண்ணீர்க் கட்டணம் ஏறுமென்று நான் கத்தியதுகூட நினைவிருக்கிறது. நான் சொன்ன பதில் இது: "கழுவினனீ எண்டுதான் நினைக்கிறன்."

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அரசனையும் சூரியனையும் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். மஞ்சள் வைத்தது அறியாமை, அதற்கு நீ என்னைக் கேலி செய்துவிட்டு விட்டுவிடலாம். அந்தப் பதில் அறியாமை அல்ல. நீ என்னைக் கோபித்துக்கொள்வாய் என்ற பயத்தில், நீ உன்னையே கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நீ கரண்டியால் சாப்பிட்டாய். அடுத்த வாரம் அம்மா கட்டித் தந்த சாப்பாட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பாணும் சீஸும் வாங்கிக்கொண்டு போனாய். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை. கடையில் யாரோ "மாமா, உங்கடை பொடியன் கறிக்கையோடை போய்த் துணியைப் பழுதாக்கிப்போட்டானாமே" என்று சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன், தம்பி. அதையும் எழுதிவிடுகிறேன். சிரித்துவிட்டு, பேச்சை ரஷ்யாக்காரருக்குத் திருப்பினேன்.

பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் கலியாணக் கவுன் கடையில் நீ கையுறையைக் கழற்றாமல் ஓரம் மட்டும் மடித்துத் தைத்த வருடங்களில் இங்கே இன்னொரு அநியாயம் நடந்தது. உன்னைப் பார்த்துப் பழகிய அடுக்கு வேலையை நான் ரூ காயில் இறக்கினேன். பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற சாமத்திய வீட்டுக்கு இரண்டாவது உடுப்பாக எங்கள் பிள்ளைகள் போடுகிற கவுன் இருக்கிறதே, அதற்குள் ஏழு அடுக்கு வலை, நடுவில் வளையம், தெரியாத நூல். ஒரு பிள்ளை போட்டாள், அடுத்த வாரம் மூன்று பேர் கேட்டார்கள். இன்றைக்கு லா சப்பலிலிருந்து ஆர்ஜொந்தெய் வரைக்கும் மண்டபங்களில் வாசல் கதவு இரண்டையும் திறந்தால்தான் பெண்ணை உள்ளே கொண்டுவர முடிகிறது. பாலே மேடையிலிருந்து சீமாட்டிகளுக்கும், சீமாட்டிகளிடமிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து கலியாணக் கடைக்கும் இறங்கிவந்த அந்தப் பாவாடையை எங்கள் மணவறை வரை கொண்டுவந்த பேரரசன் நான்தான் என்று மார்தட்டுவேன். கற்றுத் தந்த கை உன்னுடையது என்று யாருக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இந்தப் பாரிஸில் ஒரு தாய் இருந்தாள் என்று நீ சொன்னாயே. நடனமாடுகிற மகன் கால் நொந்து வீட்டுக்கு வந்தான், அவனுக்காக ஒரு சோடிச் செருப்பைத் தானே தைத்தாள். அது நன்றாயிருந்தது, மற்ற ஆடற்காரரும் கேட்டார்கள், பிறகு ஒரு நடிகை தெருவில் போடவும் ஒன்று கேட்டாள். இன்றைக்கு எங்கள் கடைக்கு வருகிற பெண்பிள்ளைகள் பாதிப்பேர் காலில் அந்தத் தட்டைச் செருப்புத்தான். அவளும் பிள்ளையை நினைத்துப் பயந்தாள், நானும் பயந்தேன். அவள் எங்கே நோகிறது என்று மகனைக் கேட்டுவிட்டுத் தைத்தாள். நான் உன்னைக் கேட்கவில்லை, நீ குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் பயத்தைக் கொண்டுபோய் உன் வேலையில் பூசினேன். கடிதத்தில் புத்தி சொல்வது அப்பாமாரின் வழக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன்: உனக்கென்று ஒரு பிள்ளை வந்தால் பயப்படு, தாராளமாகப் பயப்படு, ஆனால் அதைப் பிள்ளையிடம் வாயால் சொல்லிவிட்டுப் பயப்படு.

தூலூஸுக்கு நீ போவதை நினைத்தாலும் எனக்குப் பயம்தான், அதை மறைக்கவில்லை. தூரம், தனி வீடு, தெரியாத மனிதர்கள். புது மேசையில் ஒரு துளி தேத்தண்ணீர் சிந்தினாலும் நீ முதலில் உன் விரலைத்தான் பார்ப்பாய். அதுதான் எனக்குப் பெரிய பயம். அந்த விரலில் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாக ஒன்றும் இருக்கவில்லை. வெயிலில் இரண்டு நாள் கிடந்திருந்தால் அந்தக் கறையே தானாக வெளிறியிருக்கும், ஆனால் நவம்பர் மாதத்துப் பாரிஸில் வெயிலுக்கு எங்கே போவது, உண்மையைச் சொல்கிற அப்பாவுக்கு எங்கே போவது. வெள்ளை மேசையை வேண்டாமென்று நீ எழுதுவதென்றால் கறுப்புக் கோட்டில் உனக்கு ஆசை என்பதற்காக எழுது. என்னுடைய பொய்யை நம்பி எழுதாதே.

அம்மாவுக்கு முந்தாநாள் சொன்னேன். திட்டுவாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் அடுப்பை நிறுத்தினாள். "அவனுக்குச் சொல்லாமல் எனக்கேன் சொல்லுறியள்?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நீயும் அப்படிச் செய்யலாம். எவ்வளவு காலம் என்பதை நீயே வைத்துக்கொள், நான் கேட்க மாட்டேன்.

இந்தக் கடைசிப் பந்தியைப் பிறகு சேர்க்கிறேன். மலர் பொறுப்பாளர் நேற்றுக் கடைக்கே வந்துவிட்டார், கையில் அச்சுப் பிரதியோடு. உனக்குத் தெரிந்த மனிதர்தான், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உன் காதைத் திருகியவர். அளவெடுக்க வந்த இரண்டு பேரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, நீண்டு போச்சு. நகைக்கடை விளம்பரத்தைச் சின்னனாக்கிப் பாக்கிறன், அப்பவும் இடம் காணுமோ தெரியாது. அந்த மஞ்சள் விசயத்தை எடுத்துவிடட்டோ? நாளைக்கு உங்களைத்தான் சனம் கதைக்கும். மரியாதையான மனுசன் நீங்கள்." வெளியே நின்ற பெண்கள் இருவரும் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னேன்:

"இடம் காணாட்டி அரசனை வெட்டுங்கோ. ரஷ்யாக்காரரையும் வெட்டுங்கோ. மஞ்சளிலை மட்டும் கை வையாதேங்கோ. பொடியன் திங்கட்கிழமை பதில் எழுதவேணும்."